சுகவனத்தில் ஒரு சிட்டிகை உப்பு

ஐந்தாம் அத்தியாயம்

பட்டினி கிடந்தால் மனிதனுக்கு ஞானம் பிறக்கும் என்று யாரோ சொன்னார்களாம். சொன்னவன் நிச்சயம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்லியிருப்பான். சுகவனத்தில் இரண்டு நாள் எலுமிச்சம்பழத் தண்ணீர் குடித்ததில் எனக்குப் பிறந்தது பொறாமை ஒன்றுதான்.

எதிர்க் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அப்துல் ரவூப் பப்பாளித் துண்டுகளைத் தேனில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அவசரமே இல்லை. ஒவ்வொரு துண்டாக எடுப்பதும், தேன் சொட்டி முடியும்வரை காத்திருப்பதும், என்னைப் பார்க்காமல் வாயில் போடுவதுமாக ஒரு சடங்கு போலச் செய்தார்.

"பாய், ஒரே ஒரு துண்டு" என்றேன்.

"உனுக்கு வைத்தியர் இன்னா எழுதினார்?"

"நாக்கை நீட்டுன்னார். நீட்டினேன். அஞ்சு நாளைக்கு எலுமிச்சம்பழத் தண்ணின்னு எழுதிட்டார். உங்க நாக்கை அவர் பாக்கவே இல்லே. நாடியைப் புடிச்சதும் பப்பாளி, தேனு! ரம்ஜானுக்கு முப்பது நாள் பழகின வயிறு உங்களுது. நியாயமா பாத்தா பழத்தை எனுக்குத்தான் எழுதியிருக்கணும்."

"உன் நாக்கு கொஞ்சம் நீளம் தாவீது. அதான் பயந்துட்டார்" என்று சொல்லிக் கடைசித் துண்டையும் விழுங்கினார்.

ரவூப் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் சங்குச் சுண்ணாம்பும் கருவாடும் விற்கப் போனபோது இவர் மட்டும் போலீஸில் சேர்ந்தார். அதையும் விட்டுவிட்டுத் திருவள்ளூர் கோர்ட்டுக்கு எதிரில் துப்பறியும் ஆபீஸ் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமாக நான் அவருடைய உதவியாளன். வெயிலில் நிற்பவன் நான், நிழலில் யோசிப்பவர் அவர். வாசல் போர்டில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. என் பெயரை எழுத இடம் போதாது என்று பெயிண்டர் சொல்லிவிட்டாராம். இடம் இருந்தது. நான் முழம் போட்டு அளந்து பார்த்திருக்கிறேன்.

நாங்கள் இந்தப் பட்டினிச் சிறைக்கு வந்த காரணம், போன திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்த ஆதிநாராயணன். திருவள்ளூரில் பெரிய அரிசி மில் அவருடையது. வந்ததும் ஒரு விளம்பர நோட்டீஸை மேஜையில் விரித்தார். 'சுகவனம் இயற்கை வைத்திய நிலையம், தேர்வாய் கண்டிகை' என்று தலைப்பு. கீழே சுருள் முடியும் ஜிப்பாவுமாக ஒரு வாலிபன் படம். வைத்தியர் மணவாளனாம்.

"என் சம்சாரம் மணியம்மா மூணு வருஷமா பங்குனி வந்தா தலைவலின்னு கெளம்பிடறா. நாப்பது நாள் இங்கேதான். பட்டினி போடறதுக்கு ஐந்நூறு ரூபா வாங்கறான் இந்தப் பய! சரி, பட்டினி கெடந்தவ எளைச்சுத்தானே வரணும்? இவ ஒரு சுத்து பெருத்துகினு வரா. போதாக்குறைக்குப் பாட்டு வேற பாடிக்கினு வரா."

"பாடறது தப்புங்களா?" என்று கேட்டேன்.

"பதினெட்டு வருஷமா என் ஊட்லே அவ பாடினதில்லேய்யா."

அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கு எனக்கு நன்றாகப் பழக்கமானது. தினமும் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் நான் பார்க்கிற முகம்தான். எனக்கு அந்த மனிதர்மேல் உடனே பாசம் வந்துவிட்டது.

"ஒரே கேள்விதான் பாய். ஆள் இருக்கானா, இல்லியா? வெள்ளிக்கிழமைக்குள்ளே சொல்லுங்க. இருந்தான்னா அவளை பள்ளிப்பட்டுக்கு அவங்க அம்மா ஊட்டுக்கே மூட்டை கட்டிடுவேன். இப்பத்தான் புதுசா சட்டம் வந்திருக்காமே, தீர்த்துக்கலாமாம். வக்கீல் காகிதம் எழுதிக் குடுத்துட்டார். பொண்ணு என்கூட இருக்கும். அப்புறம் அவ ஜென்மத்துக்கும் பொண்ணு மூஞ்சியைப் பாக்க முடியாது."

ஆக, எங்கள் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் வீடும் மகளும் தொங்கிக்கொண்டிருந்தன. வயிற்று வலிக்காரத் தோல் வியாபாரியாக ரவூபும், அவருடைய கணக்குப்பிள்ளையாக நானும் செவ்வாய்க்கிழமை சுகவனத்தில் படுத்தோம். வாசலிலேயே காசையெல்லாம் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். வெளியே போய் வடை வாங்கித் தின்றுவிடுவோமாம்.

இன்று வியாழக்கிழமை.

சுகவனம் என்றால் முந்திரித் தோப்பு நடுவே இருபது குடிசை. விடியற்காலையில் வயிற்றில் களிமண் பற்று, பிறகு தொட்டியில் இடுப்புக் குளியல், பிறகு புளியமரத்தடியில் எடை. ரயில்வே பார்சல் ஆபீஸில் இருப்பது போன்ற பெரிய தராசில் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கரும்பலகையில் எழுதுவார்கள். அங்கேதான் வேடிக்கை. சௌகார்பேட்டை நகைக் கடைக்காரர் மனைவிக்கு மூன்று ராத்தல் குறைந்துவிட்டது என்று தெரிந்தால், மரவாடிக்காரர் மனைவி அன்று முழுவதும் அவளோடு பேசுவதில்லை. பணத்தைக் கொட்டிக் கொடுத்துப் பட்டினி கிடக்க வந்த இடத்திலும் அடுத்தவள் இளைப்பதைப் பார்த்து வயிறு எரிந்தார்கள்.

மணியம்மாள் மட்டும் இந்தப் போட்டியில் இல்லை. நாற்பது வயதிருக்கும். நூல் சேலை, நிதானமான நடை. தோப்பில் ஒரு குடிசையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

"பலகையிலே இருக்கறது இருபத்தெட்டு பேரு" என்றார் ரவூப், விரல்களைத் துடைத்தபடி. "படுத்துகினு இருக்கறவங்க இருபத்தொம்பது. அந்தம்மாவை மட்டும் யாரும் நிறுத்தலே. ஏன்?"

"இது ஒரு கேள்வியா பாய்? மனசுக்குப் புடிச்சவளை எவனாவது தராசுலே ஏத்தி எடை போடுவானா?"

"போடமாட்டான். இல்லாட்டி..."

"இல்லாட்டி?"

அவர் காலித் தட்டை எடுத்து வைத்தார். அதுதான் அவர் வழக்கம். பாதியைச் சொல்லி மீதியை உள்ளேயே வைத்துக்கொள்வார். கேஸ் முடிந்ததும் மீதியைச் சொல்லி எல்லோரிடமும் சபாஷ் வாங்குவார். நான் பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு அதிர்ஷ்டம் என் பக்கம் திரும்பியது. தொட்டிக் குளியலுக்குத் துண்டோடு போனவன், வைத்தியர் அறை ஜன்னலைத் தாண்டும்போது நின்றேன். உள்ளே இரண்டே பேர். மணியம்மாள் மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மணவாளன் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. ஏதோ முணுமுணுத்தான்.

"இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கோ மணவாளா" என்றாள் அவள். "போயிடறேன்னு மட்டும் சொல்லாதே. நீ இல்லாம எனுக்கு இங்கே ஒண்ணும் ஓடாது."

நீ! பொறுத்துக்கோ! போகாதே! ஒரு வைத்தியரிடம் ஒரு நோயாளி இப்படியா பேசுவாள்? எனக்குப் பசி பறந்துவிட்டது. ஓடிப்போய் ரவூபிடம் சொல்லலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தேன். மறு காலை எடுக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும்? பப்பாளி தின்ற வாயாலேயே அவர் ரிப்போர்ட் கொடுப்பார். ஆதிநாராயணன் அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார். பை மறுபடியும் என் கையில்தான் இருக்கும்.

தோட்டக்காரனின் சைக்கிளை இரவல் வாங்கினேன். கும்மிடிப்பூண்டிக்குப் பத்து மைல். செருப்புக்குள் ஒளித்து வைத்திருந்த ஒரு ரூபாய் காலை உறுத்திக்கொண்டே வந்தது. தபால் ஆபீஸுக்கு எதிரே ஹோட்டலில் சுடச்சுடப் பூரி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு ரூபாய் இருந்தால் பூரியும் உண்டு, கிழங்கும் உண்டு, மேலே காபியும் உண்டு. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தபால் ஆபீஸுக்குள் நுழைந்தேன். பசியைவிடப் பொறாமைக்குத்தான் பலம் அதிகம் என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன்.

'ஆள் உண்டு. உடனே வரவும். தாவீது.' ஆதிநாராயணனுக்குத் தந்தி பறந்தது. என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

திரும்பும் வழியில் ஒரு கொல்லையில் இரண்டு வெள்ளரிக்காய் என் கைக்குத் தாமாகவே வந்து சேர்ந்தன. சுகவனம் வரும்போது பொழுது சாய்ந்து, சமையல்கட்டு மாடத்தில் விளக்கு ஏற்றியிருந்தது. சமையல்காரர் வரதன் நல்ல மனிதர். என் கன்னம் ஒட்டியதைப் பார்த்து நேற்றே பரிதாபப்பட்டவர்.

"அண்ணே, ஒரு சிட்டிகை உப்பு" என்று சட்டைக்குள்ளிருந்த வெள்ளரிக்காயைக் கொஞ்சம் காட்டினேன்.

அவர் சிரித்துக்கொண்டே உப்பு ஜாடிக்குள் கையை விட்டார். பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"வரதா, வெளக்கு வெச்சாச்சு. உப்பை எடுத்து வெளியே குடுக்காதே."

மணியம்மாள். வரதன் கை சட்டென்று காலியாக வெளியே வந்தது.

"ஒரே சிட்டிகைம்மா. வைத்தியர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினேன்.

"வைத்தியர் கெடக்கறார். வெள்ளரிக்காயைத் தின்னுக்கோங்க, நான் பாக்கலே. உப்பு மட்டும் காலையிலே வந்து கேளுங்க, ஒரு கை அள்ளித் தரச் சொல்றேன். இப்ப வேணாம்."

ஆத்திரமாக வந்தது. காதல் செய்ய நேரம் காலம் பார்க்காதவள் உப்புக் கொடுக்க நேரம் பார்க்கிறாள்! குடிசைக்கு வந்தபோது ரவூப் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் அந்தக் கடுப்பைக் கொட்டினேன். தந்தியைப் பற்றி மூச்சு விடவில்லை.

ரவூப் பாயைப் பாதிச் சுருட்டில் விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா சொன்னாங்க? ஒரு வார்த்தை விடாம மறுபடி சொல்லு."

சொன்னேன்.

"ஒங்க தெருவுலே வெளக்கு வெச்சப்புறம் உப்பு தரமாட்டாங்களே, எதுக்கு?"

"இது தெரியாதா பாய்? ஊட்லே இருக்கற லட்சுமி வெளியே போயிடுமாம்."

"பழவேற்காட்டுலே எங்க உம்மா மரியம் பீவியும் அப்படித்தான். சாயங்காலம் மக்ரிபு பாங்கு கேட்டுட்டா உப்பும் கெடையாது, ஊசியும் கெடையாது. பரக்கத்து போயிடுமாம். ஆனா அதே எங்க உம்மா, என் தங்கச்சி பரீதா ஊட்டுக்கு விருந்தாடிப் போனா, அங்கே யாரு எந்த நேரத்துலே உப்பு கேட்டாலும் எழுந்து எடுத்துக் குடுப்பாங்க. ஏன்?"

"அது அவங்க ஊடு இல்லியே."

சொல்லிவிட்டு நானே வாயை மூடிக்கொண்டேன்.

"நாப்பது நாள் வைத்தியத்துக்கு வந்தவளுக்கு, இந்த எடத்து உப்பு வெளியே போனா இன்னா, உள்ளே இருந்தா இன்னா?" என்றார் ரவூப். "அந்தம்மா தடுத்தது தன் ஊட்டு உப்பை. தாவீது, சுகவனம் அவங்களுது."

"ஆனா பாய், நான் கண்ணாலே பாத்தேனே!" என்று ஜன்னல் காட்சியையும் கொட்டிவிட்டேன்.

"யாரு உக்காந்துகினு இருந்தா?"

"அந்தம்மா."

"யாரு நின்னுகினு இருந்தா?"

"வைத்தியர்... கையைக் கட்டிகினு."

"நோயாளிக்கு முன்னாலே எந்த வைத்தியனாவது கையைக் கட்டிகினு நின்னு பாத்திருக்கியா? சம்பளம் வாங்கறவன் நிப்பான். சம்பளம் குடுக்கறவங்க அவனை 'நீ'ம்பாங்க. எடை போடாததும் அதனாலேதான். மொதலாளியை எவன் தராசுலே ஏத்துவான்? பெருத்துகினு வந்ததும் சரிதான். பட்டினி கெடக்கறவங்க எளைக்கறாங்க, பட்டினி போடறவங்களுக்கு ஒடம்பு தேறுது. ஐந்நூறு ரூபாயாலே யாருக்கு ஆரோக்கியம் வந்துதுன்னு இப்பத் தெரியுதா?"

தெரிந்தது. உப்பு கேட்டவன் நான், கண்டுபிடித்தவர் அவர்.

"நாளைக்கு ரிப்போர்ட்டு ஒரே வரிதான். ஆள் இல்லே" என்றார். "ஆனா ஒண்ணு தாவீது. எப்படிக் கண்டுபுடிச்சோம்கறதை மட்டும் ஆதிநாராயணன்கிட்ட சொல்லக்கூடாது."

"ஏன் பாய்? என் உப்புதானே கேஸையே முடிச்சுது!"

"சொல்லாதேன்னா சொல்லாதே."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. தந்தி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாயை முழுசாகச் சுருட்டி மூலையில் வைத்தார்.

"யாரு பேரு போட்டே?"

"என் பேருதான்."

"அவ்வளவு ஆசையா?" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமும் இல்லை, வெள்ளரிக்காயும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புளியமரத்தடியில் மணியம்மாளைப் பிடித்தோம். ரவூப் நாங்கள் யார், எதற்காக வந்தோம் என்பதை நேராகச் சொன்னார். அவள் தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் அனுப்பினாரா?"

"ஆமாம்மா. இன்னிக்கு அவரே வந்தாலும் வருவார்."

"மொதல்லே எனுக்கு நெஜமாவே தலைவலிதாங்க" என்றாள். "நாலு வருஷம் முன்னாலே ஒரு எடத்துலே இதே மாதிரி வைத்தியத்துக்குப் போனேன். பத்தே நாள்லே போயிடுச்சு. மண்ணாலேயும் போகலே, பட்டினியாலேயும் போகலே. காலையிலே அஞ்சு மணிக்கு யாரும் என்னைக் காபின்னு கூப்பிடலே. அதுலே போச்சு. அங்கே வந்திருந்த பொம்பளைங்க அத்தினி பேருக்கும் அதே சீக்கு, அதே மருந்து. இதை நாமே செய்யலாமேன்னு தோணுச்சு. எங்க நைனா சீதனமா எழுதி வெச்ச நெலம் இது. அவர் எந்த ஊர்னுகூடக் கேட்டதில்லே, ஒரு நாளும் வந்து பாத்ததில்லே."

"அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா அடுத்த நாளே அவர்து ஆயிடும்" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "என் பொண்ணை ஒண்ணும் பண்ணிடமாட்டாரே?"

ரவூப் பதில் சொல்வதற்குள் தோப்புக்குள் கார் ஹாரன் கேட்டது.

ஆதிநாராயணன் மோரிஸ் காரை விட்டு இறங்கிய வேகத்தில் மேல்துண்டு கீழே விழுந்தது. ஒரு கையில் வக்கீல் காகிதம். எடை போட வந்துகொண்டிருந்த மணவாளனின் ஜிப்பாவை இன்னொரு கையால் கொத்தாகப் பிடித்தார். நோயாளிகள் இருபத்தாறு பேரும் களிமண் பற்றோடு எழுந்து நின்றுவிட்டார்கள்.

"தாவீது! இவன்தானேய்யா?"

ரவூபைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார். ஆறு வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த கேள்வி. நான் ரவூபைத் திரும்பிப் பார்த்தேன்.

"தந்தி என் ஆபீஸ்லேர்ந்து வந்தது. தப்பு என்னுது" என்றார் ரவூப். "ஆள் இல்லீங்க."

"தப்பு என்னுதுங்க" என்று முனகினேன். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அப்ப இவன் யாரு?"

"சம்பளத்துக்கு இருக்கறவர்" என்றாள் மணியம்மாள். "மாசம் எண்பது ரூபா. ஊட்லே கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துட்டாங்கன்னு வேலையை உட்டுப் போறேன்னு நேத்துகூட அழுதார். கையை எடுங்க. ஜிப்பா கிழிஞ்சா நான்தான் வாங்கித் தரணும்."

"நீ வாங்கித் தரணுமா? அப்ப இங்கே மொதலாளி யாரு?"

நோயாளிகள் அத்தனை பேரும் மணியம்மாளைப் பார்த்தார்கள். நகைக் கடைக்காரர் மனைவிகூட வாயைப் பிளந்தாள். ஆதிநாராயணன் கை தானாக ஜிப்பாவிலிருந்து நழுவியது.

"மூணு வருஷமா நான் மணியார்டர் பண்ணின ஐந்நூறு..."

"எனுக்குத்தான் வந்துது."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமேடி!"

"கேட்டேன். மில்லுலே ஒரு மூலையிலே அவல் மெஷின் போட்டுக் குடுங்க, நானே பாத்துக்கறேன்னேன். பொம்பளைக்கு இன்னாத்துக்குன்னீங்க. அடுத்த மாசம் ஒங்க தம்பிக்குப் போட்டுக் குடுத்தீங்க."

அவர் தராசு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். தட்டு ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"ஆள் இருந்திருந்தா அவனை வெட்டிப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போயிருப்பேன்" என்றார். "இப்ப நான் யாரை வெட்டறது?"

பாவமாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த முகம் தெளிந்தது. ஆள் இல்லை என்பது இப்போதுதான் உள்ளே இறங்கியது போலும். வக்கீல் காகிதத்தை நான்காகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார், சிரிக்கவும் செய்தார். மணியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் போகமாட்டாள், வீடும் போகாது. கேஸ் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆதிநாராயணன் எழுந்து வந்து ரவூபின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"பாய், நீங்க மனுஷனே இல்லே! நான் மூணு வருஷமா கண்டுபுடிக்காததை மூணு நாள்லே கண்டுபுடிச்சிட்டீங்களே. எப்படிய்யா?"

"அது தொழில் ரகசியம்" என்றார் ரவூப்.

இருபத்தாறு நோயாளிகளும் அவரை அண்ணாந்து பார்த்தார்கள். மரவாடிக்காரர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. என் உப்பு. என் வெள்ளரிக்காய். என் சிட்டிகை.

"உப்புங்க!" என்றேன்.

ரவூப் என் பக்கம் திரும்பினார். நான் அவரைப் பார்க்காமல் ஆரம்பித்துவிட்டேன். சாயங்காலம் உப்பு கேட்டது, வரதன் கை ஜாடிக்குள் போனது, அம்மா தடுத்தது, தன் வீட்டு உப்பாக இருந்தால்தான் ஒரு பெண் அப்படித் தடுப்பாள் என்பது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டிச் சொன்னேன். நோயாளிகள் சிரித்தார்கள். ஆதிநாராயணனும் சிரித்துக்கொண்டே கேட்டார். பாதியில் அவர் சிரிப்பு நின்றது. நான் நிறுத்தவில்லை.

நான் முடித்ததும் அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நம்ம எதிர் ஊட்டு மெஹர்னிசா சாயங்காலம் ஆனா கிண்ணத்தைத் தூக்கிகினு வரும்" என்றார் மெதுவாக. "வெளக்கு வெச்சப்புறம்தான் வரும். அதுக்கு எப்பவும் உப்பு தீந்துபோறது அப்பத்தான். நீ ஒரு நாள்கூட இல்லேன்னு சொன்னதில்லே. கிண்ணம் ததும்ப ததும்பக் குடுப்பே. நான் மில்லுலேர்ந்து வந்து நாற்காலியிலே உக்காந்து பாத்துகினே இருப்பேன். எம் பொண்டாட்டிக்கு எவ்வளவு தாராள மனசுன்னு நெனைச்சுப்பேன்."

அந்த வீட்டைத் தன் வீடாக நினைத்ததே இல்லை என்பது மணியம்மாளுக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது என்று எனக்குப் பட்டது.

"நான் எதையும் நெனைச்சு செய்யலேங்க" என்றாள்.

"அது தெரியுது. நெனைச்சு செஞ்சிருந்தா பரவாயில்லியே."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குடிசைக்குள் போனார்கள். ஆதிநாராயணன் குடிசைகளை, தொட்டிகளை, சமையல்கட்டு மாடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆபீஸில் பாட்டைப் பற்றிச் சொன்னபோது இருந்த அதே முகம். ஒரு சமையல்கட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கார் கதவைத் திறந்துவிட்டு நின்றார்.

"மணி, நம்ம ஊட்லேயும் ஒரு நாளைக்கு இல்லேன்னு சொல்லேன்."

அவள் கீழே கிடந்த அவர் மேல்துண்டை எடுத்து வந்து கொடுத்தாள்.

"மில்லுலேர்ந்து ஒரு மூட்டை வெளியே போறதுக்கு முன்னாலே என்னை ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள். "கேட்டா, அன்னிக்கு சாயங்காலம் மெஹர்னிசாகிட்ட காலையிலே வாம்மான்னு சொல்றேன்."

அவர் தலையை ஆட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை. "எப்ப வரே?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. முடிச்சுட்டு வரேன்."

கார் போய்விட்டது. நாங்களும் பெட்டியைக் கட்டினோம். கேட்டைத் தாண்டும்போது வரதன் பின்னால் ஓடி வந்து என் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைத் திணித்தார். கனமாக இருந்தது.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க. காலையிலே ஒரு கை தரேன்னு சொன்னாங்களாமே."

ஊத்துக்கோட்டை பஸ் வரும்வரை ரவூப் பேசவில்லை. எதற்காகச் சொல்லக்கூடாது என்றார் என்பதை நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் அவர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்.

"ஆபீஸ் போர்டுலே உன் பேரையும் எழுதிடலாம் தாவீது. எடம் இருக்கு. நானும் அளந்து பாத்தேன்."

"வேணாம் பாய்" என்றேன்.

சட்டைக்குள் வெள்ளரிக்காய் இரண்டும் அப்படியே இருந்தன. ஒன்றை அவரிடம் கொடுத்தேன். பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, பிரிக்காமல், என்னுடையதை வெறுமனே கடித்துத் தின்றேன்.